இருநூறு ஆண்டு உழைப்பும் ஏழு பேர்ச்சஸ் மண்ணும்



சில வாரங்களுக்கு முன் நம் கணியூரில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். வீடு என்றால் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் எட்டுக் கதவுகள் உள்ள லைன் வீட்டில் ஆறாவது கதவு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையலறை. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரனும் அவன் மனைவியும் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிதான் என்னை அழைத்திருந்தார். தீர்த்தம் தெளிக்கும் முன் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, இது எங்க வீடு இல்லீங்க, வாடகை வீடுதான். இதையும் மந்திரிக்கலாங்களா?"

தாராளமாக மந்திரிக்கலாம் என்று சொல்லி, செபத்தை முடித்து, தேநீருக்கு உட்கார்ந்தேன். அப்போது அவர் தன் கதையைச் சொன்னார். "நான் பொறந்தது சிலோன்ல, லயத்துல சாமி. எங்கப்பாவும் லயத்துலதான் பொறந்தாரு. கப்பல் ஏறி இங்க வந்தோம், கோத்தகிரியில தோட்டத்து வீடு குடுத்தாங்க. வேலை முடிஞ்சதும் அதையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இப்ப பேரனோட இங்க வந்தா, இங்கயும் லைன் வீடு. லயம் எங்களை விடமாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை. இலங்கை மலையகத்தில் லயம், லயன் என்று சொல்வதும், நம் திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு என்று சொல்வதும் ஒரே சொல்தான். வரிசையாகக் கட்டிய அறைகள் என்று பொருள். மூன்று தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்துக்கு, இரண்டு நாடுகளிலும் சேர்த்து, ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தமாக இல்லை. இது அந்தக் குடும்பத்தின் தலைவிதியா? அல்லது சட்டங்கள் அப்படி எழுதப்பட்டனவா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

காடு யாருடையது?

1820-களில் இலங்கையின் கண்டி மலைப்பகுதியில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அந்த வேலைக்குத் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கடலைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அந்தப் பாதையில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் ஏராளம். மலையக மக்கள் 1823-ஆம் ஆண்டைத் தங்கள் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் மக்கள் நடைப்பயணம் சென்றார்கள்.

தோட்டம் போடுவதற்கு நிலம் எங்கிருந்து வந்தது? 1840-ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசு ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரம் காட்ட முடியாத காடுகளும் தரிசுகளும் அரசுக்குச் சொந்தம் என்று கருதப்படும் என்பது அதன் சாரம். கண்டிச் சிங்கள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காடு திருத்திச் சேனைப் பயிர் செய்த நிலங்களுக்குப் பத்திரம் ஏது? அவை அரசு நிலமாகி, ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலையில் தோட்ட முதலாளிகளுக்குப் போயின. நிலத்தை வாங்கியவர்களில் அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தை இழந்தவர் சிங்கள விவசாயி. அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவர் தமிழ்த் தொழிலாளி. நிலம் போய்ச் சேர்ந்தது இருவரையும் தாண்டி மூன்றாவது கைக்கு. ஆனால் பின்னாளில் சிங்கள விவசாயியின் கோபம் திரும்பியது, கண்ணெதிரே லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளியின் மேல். ஓர் அநியாயச் சட்டம் இரண்டு ஏழைகளை ஒருவருக்கொருவர் எதிரியாக்கிவிட்டது.

ஆண்டு அனுபவித்தும் ஏன் சொந்தமாகவில்லை?

"பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் இடம் சொந்தமாகிவிடும்" என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை 12 ஆண்டுகள், அரசு நிலத்தை 30 ஆண்டுகள், உரிமையாளருக்கு எதிராகத் தன்னுடையது என்றே வெளிப்படையாக ஆண்டு அனுபவித்தால்தான் அனுபவ பாத்தியம் கோர முடியும். வாடகைக்கு இருப்பவரும், உரிமையாளர் சம்மதத்தோடு குடியிருப்பவரும் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதைக் கோர முடியாது.

இலங்கையிலும் 1871-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அங்கே 10 ஆண்டுகள் போதும். இந்தப் பத்து ஆண்டுச் சட்டம் இருக்கும் நாட்டில் இருநூறு ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு ஏன் உரிமை வரவில்லை? காரணம் எளிது. லயத்து அறை வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. தொழிலாளி துரையின் அனுமதியோடு அங்கே இருந்தார். அனுமதியோடு இருப்பவருக்கு அனுபவ பாத்தியம் கிடையாது. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமை ஆனபோது இன்னொரு கதவும் மூடிக்கொண்டது. அரசுக்கு எதிராக அந்தப் பத்து ஆண்டுச் சட்டம் செல்லாது.

ஆக, ஒருவர் காட்டை ஆக்கிரமித்து வேலி போட்டு உட்கார்ந்தால், ஒருவேளை அவருக்கு உரிமை பிறக்கலாம். நேர்மையாக வேலை செய்து, கொடுத்த அறையில் அடக்கமாக வாழ்ந்தவருக்கு ஒருபோதும் பிறக்காது. சட்டம் அவரது உழைப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

கரீபியன் கடலில் வேறொரு கணக்கு

"அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதே ஆங்கிலேய ஆட்சி, அதே காலத்தில், கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவுக்கும் நம் நாட்டுக் கூலிகளை அழைத்துச் சென்றது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் போனார்கள். கரும்புத் தோட்ட வேலை கொடுமையானது. ஆனால் அவர்களது ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. பத்து ஆண்டுகள் தங்கி முடித்தவருக்கு ஊர் திரும்பக் கப்பல் பயணம் இலவசம்.

அந்தக் கப்பல் செலவு அரசுக்குப் பாரமானது. எனவே 1869 முதல், திரும்பும் பயணத்தை விட்டுக்கொடுப்பவருக்கு அதற்கு ஈடாக 10 ஏக்கர் அரசு நிலம் கொடுக்கலாம் என்று டிரினிடாட்டில் முடிவு செய்தார்கள். 1880 வரை இந்த ஏற்பாடு இருந்தது. இதற்கு அப்பால் அரசு நிலத்தை விலைக்கு வாங்கவும் வழி திறந்தது. கூலியாக வந்தவர்கள் நெல்லும் கொக்கோவும் பயிரிட்டார்கள். கிராமங்கள் உருவாயின. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இன்று அந்நாட்டில் பிரதமராகும் அளவுக்கு அந்த வழிவந்தவர்கள் உயர்ந்திருக்கிறார்கள்.

அந்தத் தீவில் 1866 முதல் 1870 வரை ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் கார்டன். அவரே பின்னர் 1883 முதல் 1890 வரை இலங்கையின் ஆளுநர். ஆளுநர் ஒருவரே, ஏழைகளும் ஒரே நாட்டவரே. ஆனால் இலங்கைக்குக் கங்காணி மூலம் கடன் பேரில் போன தொழிலாளியின் கையில், நிலத்துக்கு ஈடாக விட்டுக்கொடுக்க ஒப்பந்த உரிமை எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' மட்டுமே. டிரினிடாட் ஆளுநர் இரக்கம் மிகுந்தவர், இலங்கை ஆளுநர்கள் இரக்கமற்றவர்கள் என்று இதை விளக்க முடியாது. கையில் காகிதம் இருந்தவருக்கு நிலம் கிடைத்தது, காகிதம் இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை.

குடியுரிமையும் போனது

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டமும், 1949-இல் வந்த இன்னொரு சட்டமும் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கின. குடியுரிமை போனால் வாக்கு மட்டும் போவதில்லை. அரசு நிலம் பெறும் தகுதியும் போகிறது. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி நிலமற்ற விவசாயிகளுக்கு அரசு நிலம் பகிர்ந்தளிக்கப்பட்ட காலத்தில், மலையக மக்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியவில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள் என்று மலையகப் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வதுண்டு. நம் லைன் வீட்டுப் பாட்டி கப்பல் ஏறியது இந்த ஒப்பந்தத்தின்படிதான்.

அங்கே தங்கியவர்களுக்கு 1972-இல் ஒரு நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவர் 50 ஏக்கருக்கு மேல், நெல் வயலானால் 25 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது. 1975-இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9.8 லட்சம் ஏக்கர். உழுபவருக்கே நிலம் என்ற முழக்கம் உலகெங்கும் ஒலித்த காலம் அது. ஆனால் தேயிலைச் செடியை நட்டு, கொழுந்து பறித்தவருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியாருக்குத் தரப்பட்டபோது, அங்கிருந்த குடும்பங்கள் லயத்தையும் இழந்து வீதிக்கு வந்தன. 1977 மே மாதம் தோட்டக் காணிகளைப் பறிப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டது. சிவனு லெட்சுமணன் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அவர் பெயரை மலையகம் இன்றும் மறக்கவில்லை.

1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. இந்த நீண்டகாலக் குத்தகைகள் 2045 வரை நீள்கின்றன. தொழிலாளி மறுபடியும் இருவருக்கும் நடுவில்.

ஏழு பேர்ச்சஸ்

2003-இல் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கை குடியுரிமை வழங்கியது. இது நல்ல சட்டம், மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் குடியுரிமை வந்த பிறகும் நிலம் வரவில்லை. 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் சுமார் 8.4 லட்சம் பேர். அவர்களில் தோட்டங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை உண்டு, வீட்டுக்கு முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து வந்து சேர்ந்தால் உண்டு. தோட்டத்துக்குள் சாலை போடவும் கழிவுநீர் வாய்க்கால் கட்டவும் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குச் சட்டத்திலேயே தடை இருந்தது. 2018-இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபையால் தன் வாசலுக்கு ஒரு குழாய் போட முடியாத நிலை!

2015-க்குப் பிறகு தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் தரும் திட்டம் வேகம் பெற்றது. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட் வந்தபோது மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், அதிபர் அநுர குமார திசாநாயக்க சுமார் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார்.

ஏழு பேர்ச்சஸ் என்றால் எவ்வளவு? நம் கணக்கில் நாலரை சென்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 1,900 சதுர அடி. ஒரு வீடு கட்டி, பின்னால் நான்கு வாழை வைக்கலாம். அவ்வளவுதான். இருபது பேர்ச்சஸ் வேண்டும் என்பது மலையக அமைப்புகளின் கோரிக்கை. அளவைவிட முக்கியமான கேள்வி ஒன்றையும் அவர்கள் கேட்கிறார்கள். கையில் கொடுப்பது எந்தக் காகிதம்? குடியிருக்க உரிமை என்று எழுதிய சான்றிதழா? விற்கவும், வங்கியில் அடகு வைக்கவும், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் உதவும் முழு உறுதிப்பத்திரமா? நம் ஊரில் நிபந்தனைப் பட்டாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் புரியும்.

யார் பெயரில் என்பதும் கேள்விதான். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில் மகள்களுக்கு முன்பாக மகன்களே வைக்கப்பட்டிருந்தனர். 2022-இல்தான் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. தோட்டத்தைத் துண்டு போட்டால் தேயிலைத் தொழில் அழிந்துவிடும், ஏற்றுமதி குறையும், தொழிலாளிக்கே நட்டம் என்கிறார்கள். இதை ஒதுக்கித் தள்ள வேண்டாம். வேலை இருந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை இன்று தருபவர்கள் சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள். அவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். துண்டு நிலத்தில் தேயிலை விளையாது என்ற வாதத்துக்கு அந்த நாட்டின் தேயிலையே பதில் சொல்கிறது. தென்மாகாணத்துச் சிறு விவசாயியால் முடிந்தது, மலையகத் தொழிலாளியால் ஏன் முடியாது?

மண் சரிந்தபோது

நிலவுரிமை என்பது காகிதச் சண்டை என்று நினைப்பவர்கள், மழைக்காலத்தில் மலையகத்தைப் பார்க்க வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. போவதற்கு வேறு இடம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சூறையாடியது. அதன் பின் நம் தமிழகக் கரைக்கும் வந்தது. இலங்கையில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. வெள்ளம் வடிந்ததும் இழப்பீட்டுப் பேச்சு வந்தது. சொந்த வீட்டை இழந்தவருக்கு இழப்பைக் கணக்கிட ஒரு பத்திரம் இருக்கிறது. லயத்து அறையை இழந்தவரிடம் என்ன இருக்கிறது? அவர் இழந்ததைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால், இழந்தது கம்பெனியின் கட்டடம். அவர் அதற்குள் இருந்தவர், அவ்வளவே.

மீண்டும் கரீபியன் பக்கம் போவோம். ஆன்டிகுவா பார்புடா என்பது இரட்டைத் தீவு நாடு. பார்புடாவில் அடிமைகளின் வழிவந்த மக்கள் நிலத்தைத் தனித்தனியே பிரிக்காமல், ஊர்ப் பொதுவாகவே தலைமுறைகளாக அனுபவித்து வந்தார்கள். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைத் தீவு முழுவதற்கும் விரித்து நினைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் அதற்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் தீவை நாசமாக்கியது. மக்கள் முழுவதும் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரில் ஆளில்லாத நேரத்தில், பொது உடைமையை மாற்றித் தனிப் பத்திர முறையைக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. 2018-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. மக்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 2022-இல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. கடற்கரையில் பணக்காரர்களுக்கான விடுதிகள் எழுகின்றன.

மலையகத்தில் தனிப் பத்திரம் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். பார்புடாவில் தனிப் பத்திரம் வேண்டாம், பொதுவாகவே இருக்கட்டும் என்று கேட்டார்கள். இரண்டும் முரண்போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். இந்த மண்ணில் வாழும் எங்களைக் கேட்காமல் எங்களை யாரும் அகற்ற முடியாது என்ற உறுதி வேண்டும். மலையகத்தில் அந்த உறுதியைத் தனிப் பத்திரம் தரும். பார்புடாவில் அதைத் தந்தது பொது உடைமை.

இங்கே, நம் பக்கத்தில்

தாயகம் திரும்பியோர் என்று நாம் அழைத்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கதை என்ன ஆனது? அவர்களுக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் டான்டீ ஆனது. 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. நூற்பாலைகளிலும் வேலை தரப்பட்டது. அன்றைய அரசுகள் செய்த இந்த உதவிகளை மறக்கக் கூடாது. ஆனால் டான்டீயிலும் வீடு வேலையோடு கட்டப்பட்டதுதான். 2022-இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவு செய்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் எங்கே போவது என்ற கேள்வி வெடித்தது. அவர்களுக்கு வீடு கட்டித் தர அரசு பிறகு முன்வந்தது. கூடலூர்ப் பகுதியில் ஜென்ம நிலச் சிக்கலால், பல ஆண்டுகளாகப் பட்டா இல்லாமல் வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மலையை விட்டு இறங்கிய பிள்ளைகள் பலர் நம் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பக்கத்து அறையில் ஒடிசா, பீகார் இளைஞர்கள். தூத்துக்குடி, தேனிப் பக்கத்துக் குடும்பங்கள். லைன் வீடு கட்டி வாடகை விடுவதில் தவறில்லை. அந்த வாடகையில்தான் நம் பங்கிலும் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. ஆனால் வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தராததால் கேஸ் இணைப்பு வாங்க முடியாதவர்களையும், முகவரிச் சான்று இல்லாமல் வாக்காளர் பட்டியலில் சேர முடியாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்? தோட்டத் துரை கொடுக்காத முகவரியை நாமும் கொடுக்க மறுத்தால், இலங்கையைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதை உங்களுக்குத் தெரியும். அரசன் ஆகாபு அந்த நிலத்துக்கு நல்ல விலையும் தருவதாகச் சொன்னான், வேறு தோட்டமும் தருவதாகச் சொன்னான். நாபோத்து மறுத்தது, அது தன் மூதாதையரின் உரிமைச் சொத்து என்பதால். இருநூறு ஆண்டுகளாகத் தங்கள் முன்னோரை அதே தேயிலை மலையில் புதைத்தவர்களுக்கு, அந்த மண்ணைத் தங்கள் மூதாதையர் மண் என்று சொல்ல உரிமை இல்லையா? 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்துச் சிறிதளவு நிலமாவது வாங்கக்கூடிய நிலை வேண்டும் என்று வாதாடினார். குருமடத்தில் அதைப் படித்தபோது எனக்கு அது பொருளாதாரப் பாடமாகத் தெரிந்தது. அந்தப் பாட்டியின் அறையில் அமர்ந்தபோதுதான் அது ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கணக்கு என்று புரிந்தது.

புறப்படும்போது பாட்டி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த பழைய தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைக் காட்டினார். அவர் அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், ஐந்து பிள்ளைகளின் பெயர்கள். "எங்ககிட்ட இருக்கிற ஒரே பத்திரம் இதுதான் சாமி" என்றார். பேரன் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறானாம், இரண்டு சென்ட் இடம் வாங்க. அந்த இடத்தையும் மந்திரிக்க வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்பியங்களில் சிந்திக்க

1. நம் அன்பியத்தில் சொந்த மனை இல்லாத குடும்பங்கள் எத்தனை? இலவச வீட்டுமனைப் பட்டாவுக்குத் தகுதி இருந்தும் மனுச் செய்யாதவர்கள் யார்? அவர்களுக்கு மனு எழுதித் தர நம் இளைஞர்கள் முன்வருவார்களா?

2. வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள், குடியிருப்பவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறோமா?

3. நம் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? உழைத்து அதை வாங்கியவர்களில் மனைவியும் உண்டு என்றால், அவர் பெயர் அதில் இருக்கிறதா?

4. புயலில் வீடிழந்த மலையக மக்களுக்கு நாம் அரிசியும் துணியும் அனுப்பும்போது, அவர்கள் கேட்கும் நிலவுரிமை பற்றியும் பேசுகிறோமா?